ரவுஷன்பர்க்கின் ஆடும் கழுகும் புளியங்கொட்டையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருச்சி உறையூரில் என் வீட்டு வராந்தாவில் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஓவிய வகுப்பு நடக்கிறது. வருஷத்தில் ஒரு மாதம் பென்சிலையும் வாட்டர்கலரையும் ஓரங்கட்டிவிட்டு, கலப்பு ஊடகம் செய்வோம். அந்த மாதத்தின் முதல் வகுப்பில் அமெரிக்கக் கலைஞர் ராபர்ட் ரவுஷன்பர்க்கின் படங்களைக் காட்டுவேன். காட்டியதும் கேள்விகள் கிளம்பும். வருஷம் மாறினாலும் பிள்ளைகள் மாறினாலும், கூட்டிப்போக வரும் அப்பா அம்மா மாறினாலும், கேள்விகள் மட்டும் அப்படியே இருக்கின்றன. வாய் வலித்துப்போய் எழுதி வைத்தது இது. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

மிஸ், யார் இவர்? பேரே வாயில் நுழையலை.

1925 அக்டோபர் 22இல் டெக்சஸ் மாநிலத்தின் போர்ட் ஆர்தரில் பிறந்தவர். ஊரைச் சுற்றி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள். வீட்டில் கடுமையான சமயக் கட்டுப்பாடு. சின்ன வயதில் பாதிரியாராக ஆசைப்பட்டவர், அந்தச் சபையில் நடனம் ஆடுவதே பாவம் என்று தெரிந்ததும் ஆசையை விட்டுவிட்டார். பின்னால் ஒரு நடனக் குழுவோடு பத்து வருஷம் அலைந்தார் என்பதையும் சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள். மருந்தாளுநர் படிப்பில் சேர்ந்தார். உயிருள்ள தவளையை அறுக்க மறுத்ததுதான் அந்தப் படிப்பு முடிந்துபோன கதை என்று அவரே சொல்லியிருக்கிறார்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கடற்படையின் மருத்துவமனையில் வேலை. அப்போது கலிஃபோர்னியாவில் ஒரு கலைக்கூடத்துக்குப் போனவர் சுவரில் தொங்கிய படங்களைப் பார்த்துத் திகைத்து நின்றார். அதுவரை அவற்றைச் சீட்டுக்கட்டின் முதுகில்தான் பார்த்திருந்தார். படம் என்பது யாரோ ஒரு மனிதர் உட்கார்ந்து வரைவது என்று அன்றைக்குத்தான் உறைத்ததாம். பிறகு பாரிஸ், அங்கிருந்து வட கரோலினாவின் பிளாக் மவுண்டன் கல்லூரி. 2008இல் ஃப்ளோரிடாவின் கேப்டிவா தீவில் காலமானார்.

மிக்ஸ்ட் மீடியா, கொலாஜ், கம்பைன்... மூணும் ஒண்ணுதானே?

இல்லை. கொலாஜ் என்றால் ஒட்டுவது: தாள், துணி, போட்டோ என்று தட்டையான பொருள்களை ஒரு தளத்தில் ஒட்டிச் சேர்ப்பது. ஒன்றுக்கு மேற்பட்ட ஊடகம் சேர்ந்த எல்லாவற்றுக்கும் பொதுப் பெயர் மிக்ஸ்ட் மீடியா. கொலாஜும் அதற்குள் வரும்.

கம்பைன் என்பது ரவுஷன்பர்க் தன் வேலைக்குத் தானே வைத்த பெயர். 1954 முதல் பத்து வருஷம் அவர் செய்தவற்றை ஓவியம் என்பதா சிற்பம் என்பதா என்று பார்த்தவர்கள் குழம்பினார்கள். படம் சுவரில் இருக்கும். அதிலிருந்து ஒரு நாற்காலி தரைக்கு இறங்கும். இரண்டும் சேர்ந்தது, அதனால் கம்பைன். அவ்வளவுதான்.

இவருக்கு ஐடியா எல்லாம் எங்கிருந்து வந்துச்சு? உக்காந்து யோசிப்பாரா?

யோசிக்க உட்கார்ந்த மாதிரி தெரியவில்லை. 1950களில் நியூயார்க்கின் கீழ்ப்பகுதியில், வாடகை குறைந்த பழைய கட்டடங்களில் குடியிருந்தார். கையில் காசில்லை. தனக்கென்று ஒரு விதி வைத்துக்கொண்டார்: வீடு இருக்கும் பிளாக்கை, அதாவது நாலு தெருவுக்கு நடுவில் இருக்கும் கட்டடத் தொகுதியை, ஒரு சுற்று சுற்றி வர வேண்டும், தெருவில் கிடைப்பதை வைத்து வேலை செய்ய வேண்டும். போதவில்லை என்றால் ஏதாவது ஒரு திசையில் இன்னும் ஒரே ஒரு பிளாக் போகலாம். அதற்கு மேல் கிடையாது.

இந்த ஒரு விதியைப் புரிந்துகொண்டால் கீழே வரும் பாதிக் கேள்விகளுக்குப் பதில் கிடைத்துவிடும். இயற்கை, பயணம், மனிதர்கள் என்று இவருடைய கலைக்கான தூண்டுதல்களைப் பட்டியல் போடுவார்கள். என் கணக்கில் மூன்றும் ஒரே பழக்கம்தான். வாசலைத் தாண்டிப் போவது, எதிரே வருவதை மறுக்காமல் வேலைக்குள் சேர்த்துக்கொள்வது. எதிரே வந்தது மண்ணா, ஊரா, மனுஷனா என்பது இரண்டாம்பட்சம்.

கோவிச்சுக்காதீங்க மேடம், இது குப்பை மாதிரிதானே இருக்கு? என் பையன் இதைக் கத்துக்க ஃபீஸ் கட்டணுமா?

கோபமெல்லாம் இல்லை. குப்பை மாதிரி இருக்கிறது என்பது சரிதான், குப்பையிலிருந்து வந்ததுதானே. ஆனால் படத்தை ஒருமுறை பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1955இல் செய்த ‘பெட்’ என்ற வேலையில் துண்டு துண்டாகத் தைத்த ஒரு பழைய மெத்தை விரிப்பும் தலையணையும் சட்டத்தில் மாட்டி நிமிர்த்தி நிற்கின்றன. கேன்வாஸ் தீர்ந்துபோனதால் விரிப்பை எடுத்தேன் என்றார். தலையணைப் பக்கம் பென்சில் கிறுக்கல், அதன் கீழே வழியும் சாயம், பற்பசை, நகப்பூச்சு. விரிப்பின் கீழ்ப்பாதியில் கிட்டத்தட்ட ஒன்றுமே பூசவில்லை. அந்தத் தையல் கட்டங்களே படத்துக்குப் போதும் என்று விட்டுவிட்டார். எங்கே கையை வைக்கக் கூடாது என்று தெரிவதற்குப் பயிற்சி வேண்டும்.

அந்தப் பயிற்சி அவருக்குக் கிடைத்த இடம் பிளாக் மவுண்டன். ஆசிரியர் யோசஃப் ஆல்பர்ஸ், ஜெர்மனியிலிருந்து வந்தவர், கறாரானவர். சொரசொரப்பும் வழவழப்பும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் ஒன்றை ஒன்று என்ன செய்யும் என்று கையில் கிடைக்கும் பொருள்களை வைத்தே பாடம் நடத்தியவர். இரண்டு பேருக்கும் ஒத்துப்போகவில்லை. ஆனாலும் தனக்கு வாய்த்த மிக முக்கியமான ஆசிரியர் அவர்தான் என்று ரவுஷன்பர்க் கடைசிவரை சொன்னார். ஃபீஸ் விஷயத்துக்கு வந்தால், உங்கள் பையன் கட்டும் பணம் அந்தச் சொரசொரப்புப் பாடத்துக்குத்தான்.

வெறும் வெள்ளை கேன்வாஸை மாட்டி வெச்சிருக்காராமே? அதுல என்ன இருக்கு?

1951இல் செய்தவை. வீட்டுச் சுவருக்கு அடிக்கும் வகைப் பெயின்டை ரோலரால் சமமாகப் பூசிய வெள்ளைப் பலகங்கள். பார்ப்பவரின் நிழல் விழும், வெயில் நகர்வது தெரியும், தூசி படியும். அறைக்குள் என்ன நடக்கிறதோ அதுதான் படம். இதை நான் வெறும் வார்த்தையில் சொல்லிப் பார்த்தேன், யாரும் நம்பவில்லை. இப்போதெல்லாம் வராந்தாக் கொடியில் வெள்ளை வேட்டியைக் கட்டிவிட்டு அரை மணி நேரம் பார்க்கச் சொல்கிறேன். முருங்கை நிழல் நடமாட ஆரம்பித்ததும் பிள்ளைகள் வாயை மூடிக்கொள்கிறார்கள்.

இசையமைப்பாளர் ஜான் கேஜ் இந்த வெள்ளைப் படங்களைப் பார்த்தார். 1952இல் அவர் எழுதிய ‘4’33”’ என்ற இசைத்துண்டில் கலைஞர் ஒரு சுரமும் வாசிக்க மாட்டார், அரங்கில் கேட்கும் இருமலும் மழையும் காற்றும்தான் இசை. வெள்ளைப் படங்கள் முதலில் வந்தன, என் மௌன இசை பிறகு வந்தது என்று கேஜே எழுதி வைத்திருக்கிறார். இருவரும் ஆயுள் நண்பர்கள்.

இயற்கைதான் தூண்டுதல்னு சொல்றீங்க. ஆனா மலை, பூ, ஆறு ஒண்ணையும் காணோமே?

இயற்கையைப் பார்த்து வரைவதில் அவருக்கு ஆர்வம் குறைவு. அதையே உள்ளே கொண்டுவந்துவிடுவார். 1953இல் ஆழமில்லாத மரப்பெட்டியில் மண்ணை நிரப்பிச் சுவரில் மாட்டினார், பூஞ்சை பூத்தது. இன்னொன்றில் விதை போட்டுப் புல் வளர்த்தார். தண்ணீர் ஊற்றுவதற்காகக் காட்சிக்கூடத்துக்குப் போய்வந்தார். சுவரில் மாட்டிய படத்துக்குத் தண்ணீர் ஊற்றப் போகிற மனுஷனை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வரும், கூடவே கொஞ்சம் பொறாமையும்.

1968இலிருந்து 1971 வரை பொறியாளர்களோடு சேர்ந்து ஒரு பெரிய சேற்றுத் தொட்டி செய்தார். பெயர் ‘மட் மியூஸ்’. எண்ணெய்க் கிணறு துளையிடும்போது ஊற்றும் பென்டோனைட் களிமண்தான் சேறு. அடியில் காற்றுக் குழாய்கள். ஒலிக்கு ஏற்றபடி சேறு கொப்பளித்து வெடிக்கும். போர்ட் ஆர்தர் பையன் வேறு எந்தச் சேற்றைத் தேடிப் போவான்? 1970இல் நியூயார்க்கை விட்டுக் கேப்டிவாவுக்குக் குடிபோனார். கடலும் மணலும் பனையுமாக இருக்கும் அந்தத் தீவில் அவர் முதலில் கையிலெடுத்தது அட்டைப்பெட்டிகளை! உலகத்தின் எந்த மூலைக்குப் போனாலும் கிடைக்கும் பொருள் வேண்டும் என்பது கணக்கு. 1986இல் டெக்சஸில் எண்ணெய் விலை சரிந்து பங்க்குகள் மூடிக் கிடந்த சமயம், பெட்ரோல் பங்க் பலகைகளையும் நசுங்கிய வாகனத் தகடுகளையும் மடக்கி ‘கிளட்ஸ்’ என்ற வரிசையைத் தொடங்கினார். நிலத்தை உறிஞ்சி எடுத்த பிறகு மிஞ்சிய தகரம் அது. அதையும் இயற்கை பற்றிய வேலை என்றே நான் சொல்வேன்.

அந்த ஆட்டை இவர்தான் கொன்னாரா?

இடுப்பில் டயர் மாட்டிய ஆடு நிற்கும் வேலையைக் காட்டியதும் சின்னப் பிள்ளைகளின் முதல் கேள்வி எப்போதும் இதுதான். இல்லை. தவளையையே அறுக்காதவர் என்று முதல் பதிலில் சொன்னேனே. ஏற்கெனவே பாடம் செய்யப்பட்ட அங்கோரா ஆடு, பழைய அலுவலகச் சாமான் கடையின் ஜன்னலில் தூசியடித்து நின்றது. கடைக்காரர் 35 டாலர் கேட்டார்; இவரிடம் இருந்தது 15. அதைக் கொடுத்து ஆட்டை வீட்டுக்குத் தூக்கி வந்து, ஷாம்பூ போட்டுக் குளிப்பாட்டினார். மூஞ்சி அடிபட்டிருந்தது, அந்த இடத்தைச் சாயம் பூசி மறைத்தார்.

அதன் பிறகுதான் தொல்லை. சுவரோடு சேர்த்து வைத்தார், ஒத்துவரவில்லை. இடுப்பில் ஒரு டயரை மாட்டி, பின்னால் ஒரு பலகையை நிமிர்த்திப் பார்த்தார், அதுவும் வண்டி இழுக்கிற மாதிரி இருந்தது. 1955இல் ஆரம்பித்தது 1959இல்தான் முடிந்தது. பலகையைத் தரையில் படுக்கப்போட்டு ஆட்டை அதன் நடுவில் நிறுத்தேன் என்று யோசனை சொன்னவர் அப்போது பக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்த ஓவியர் ஜாஸ்பர் ஜான்ஸ். ‘மோனோகிராம்’ என்று பெயர். பெயரின் எழுத்துகளைப் பின்னிப் போடுவோம் இல்லையா, அப்படி ஆடும் டயரும் பின்னிக்கிடக்கின்றன. இப்போது ஸ்டாக்ஹோமின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஒரு கழுகுனால படத்தையே விக்க முடியாம போச்சாமே, நிஜமா?

நிஜம். 1959ஆம் ஆண்டின் ‘கேன்யன்’. படத்தின் அடியில் பாடம் செய்த வெண்தலைக் கழுகு ஒன்று சிறகை விரித்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். தோழியான இன்னொரு கலைஞரிடமிருந்து கிடைத்தது. வெண்தலைக் கழுகு அமெரிக்காவின் சின்னம். 1940ஆம் ஆண்டின் சட்டப்படி அதை விற்கவோ வாங்கவோ முடியாது, இறந்த கழுகாக இருந்தாலும் சரி. கழுகு அந்தச் சட்டத்துக்கு முன்பே செத்தது என்று ரவுஷன்பர்க் எழுத்துமூலம் சான்று கொடுக்க வேண்டியிருந்தது.

படத்தின் உரிமையாளரான கலைக்கூடக்காரர் இலியானா சோனபெண்ட் 2007இல் இறந்ததும் உண்மையான கூத்து ஆரம்பித்தது. விற்க முடியாத பொருளுக்கு மதிப்பு பூஜ்யம் என்றார்கள் வாரிசுகள். வரித்துறை 6.5 கோடி டாலர் என்று மதிப்பிட்டு, 2.9 கோடி டாலருக்கு மேல் வரி கேட்டது. விற்றால் ஜெயில், விற்காவிட்டால் வரி. கடைசியில் 2012இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்துக்கு நன்கொடையாகக் கொடுத்துச் சிக்கலை முடித்தார்கள். இதில் இன்னொரு வேடிக்கை: 1970இல் முதல் பூமி தினத்துக்காக இவர் செய்த சுவரொட்டியின் நடுவிலும் இருப்பது வெண்தலைக் கழுகுதான்.

அடுத்தவர் வரைஞ்ச படத்தை ரப்பர் போட்டு அழிச்சவரா மனித உறவைப் பத்திப் பேசறார்?

நல்ல கேள்வி, கேட்டவர் பத்தாம் வகுப்பு. 1953. அழிப்பதாலேயே ஒரு ஓவியம் உண்டாகுமா என்று ரவுஷன்பர்க்குக்குச் சந்தேகம். தன் படத்தைத் தானே அழித்துப் பார்த்தார், அதில் ஒன்றும் இல்லை. அன்றைக்கு எல்லோரும் கொண்டாடிய ஓவியர் வில்லெம் டி கூனிங்கின் வீட்டுக் கதவை ஒரு பாட்டில் விஸ்கியோடு போய்த் தட்டினார். அவர் வீட்டில் இல்லாவிட்டால் தேவலை என்று வேண்டிக்கொண்டே போனதாகச் சொல்லியிருக்கிறார். டி கூனிங்குக்கு அந்த யோசனை பிடிக்கவில்லை, ஆனால் புரிந்தது. தூக்கிப் போடும் படத்தைக் கொடுக்காமல், தனக்கே பிடித்த, அழிக்கக் கஷ்டமான ஒன்றாகத் தேடிக் கொடுத்தார். வாரக்கணக்கில் தேய்த்து எடுத்தார் இவர். படத்தின் பெயரை எழுத்தில் பொறித்துக் கொடுத்தவர் மேலே ஆட்டுக்கு யோசனை சொன்ன அதே ஜான்ஸ்.

ஆகவே ஒருவர் கேட்டார், ஒருவர் கொடுத்தார், ஒருவர் பெயர் எழுதினார். திருடி அழித்திருந்தால் அது வேறு கதை. இவருடைய வேலைகளில் இப்படி இன்னொருவரின் கை இல்லாதது குறைவு. மனைவியாக இருந்த சூசன் வைலோடு சேர்ந்து, நீலப்படத் தாளில் (கட்டட வரைபடம் நகலெடுக்கும் தாள்) ஆளையே படுக்கவைத்து வெளிச்சம் பாய்ச்சி உருவம் எடுத்தார். 1953இல் இருபது தாள்களை நீளமாக ஒட்டித் தெருவில் விரித்தார். கேஜ் தன் ஃபோர்டு காரை அதன் மேல் நிதானமாக ஓட்டினார், இவர் டயருக்குச் சாயம் பூசிக்கொண்டே போனார். அந்த டயர்த் தடத்தை வரைந்தது யார் என்று இப்போதும் விவாதம் செய்யலாம்.

இந்தியாவுக்கு வந்திருக்காரா?

இரண்டு முறை வந்தது எனக்குத் தெரியும், இரண்டுக்கும் ஆள் தொடர்புதான் காரணம். அகமதாபாத்தின் ஆலை முதலாளிகளான சாராபாய் குடும்பத்தைச் சேர்ந்த கீதா சாராபாய் 1946இல் மேற்கத்திய இசை படிக்க நியூயார்க் போனார். அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஜான் கேஜ். பதிலுக்கு இந்திய இசையையும் தத்துவத்தையும் கேஜுக்குச் சொல்லிக்கொடுத்தார் கீதா. கேஜின் கூட்டாளி நடனக் கலைஞர் மெர்ஸ் கன்னிங்ஹாம். அவர் குழுவுக்கு மேடையும் உடையும் ஒளியும் அமைத்தவர் ரவுஷன்பர்க். 1964இல் அந்தக் குழு உலகம் சுற்றியபோது இந்தியாவுக்கும் வந்தது. அந்தப் பயணத்தில் ‘ஸ்டோரி’ என்ற நடனத்துக்கு ஒவ்வோர் ஊரிலும் அன்றன்றைக்குக் கிடைத்த பொருளை வைத்தே மேடை கட்டினார். பிளாக்கைச் சுற்றும் விதி உலகத்தைச் சுற்ற ஆரம்பித்துவிட்டது.

இரண்டாவது முறை 1975இல். சாராபாய்களின் விருந்தினராக அகமதாபாத்தில் தங்கி, காந்தி ஆசிரமத்தின் கைக்காகிதப் பட்டறையில் வேலை செய்தார். ‘போன்ஸ்’ என்ற வரிசையில் ஈரக் காகிதக் கூழுக்குள்ளேயே மூங்கில் பிளாச்சும் துணித்துண்டும் வைத்துக் காயவைத்தார். கூழ் சுருங்கும்போது மூங்கில் எலும்பு மாதிரிப் புடைத்துத் தெரியும். ‘யூனியன்ஸ்’ வரிசையில் மூங்கிலும் கயிறும் துணியும் ஒரு சேறும். அந்தச் சேற்றில் என்னென்ன என்று படித்தபோது சமையலறையில் நிற்கிற மாதிரி இருந்தது எனக்கு: காகிதக் கூழ், வெந்தயப் பொடி, அரைத்த புளியங்கொட்டை, சாக்குப்பொடி, கோந்துப்பொடி, மயில்துத்தம் (காப்பர் சல்பேட்), தண்ணீர். குஜராத்தின் மண்சுவர்களைப் பார்த்து அந்த மாதிரி ஒன்று வேண்டும் என்று செய்தது. நம் தஞ்சாவூர் ஓவியப் பலகைக்குத் துணி ஒட்டப் புளியங்கொட்டைப் பசையையும், மேலே பூசச் சாக்குப்பொடியையும் கோந்தையும் வைத்துக்கொண்டிருப்பவர்கள் இதைப் பார்த்தால், இதற்கா அமெரிக்காவிலிருந்து வந்தார் என்று கேட்பார்கள்.

ஊர் திரும்பியதும் ‘ஜாமர்ஸ்’ வரிசை. பெரும்பாலும் பட்டும் பருத்தியும் பிரம்புக் கழியும்தான். அதுவரை கசங்கல், அழுக்கு, செய்தித்தாள் என்றே வேலை செய்தவர், ஒற்றை நிறப் பட்டை அப்படியே சுவரில் தொங்கவிட்டார். அகமதாபாத்தின் துணிகளைப் பார்த்த பிறகுதான் அந்தத் துணிச்சல் வந்தது.

அந்தப் புளியங்கொட்டைச் சேறு நாமளும் செய்யலாமா?

செய்யலாம். நான் செய்து கெடுத்ததையும் சொல்கிறேன். கொட்டையை வறுத்து, ஊறவைத்து, தோலை நீக்கி அரைக்க வேண்டும். முதல் தடவை சரியாக வறுக்காமல் மிக்ஸியில் போட்டேன், பிளேடு போனது. பழைய செய்தித்தாளை இரண்டு நாள் ஊறவைத்துக் கூழாக்கினேன். எல்லாம் கலந்து பலகையில் அப்பியபோது பிரமாதமாக இருந்தது. மயில்துத்தம் விஷமாயிற்றே, பிள்ளைகள் கை வைப்பார்களே என்று அதை மட்டும் விட்டுவிட்டேன். ஆடி மாதம் ஈரக்காற்று. நாலாம் நாள் பச்சையாகப் பூஞ்சை, ஆறாம் நாள் எறும்பு, எட்டாம் நாள் வீட்டில் சண்டை.

மயில்துத்தம் எதற்கு என்று அப்போதுதான் புத்தியில் ஏறியது. இப்போது அதற்குப் பதிலாக மெல்லிய பூச்சாகப் பூசி, ஒவ்வொரு பூச்சையும் நல்ல வெயிலில் காயவிடுகிறோம். பங்குனி, சித்திரையில் மட்டும். பெரியவர்கள் மயில்துத்தம் சேர்ப்பதானால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், சமையல் பாத்திரம் கூடவே கூடாது.

ஊர் ஊரா போய் அங்க இருக்கறதை எடுத்துக் கலை பண்றது சுரண்டல் இல்லையா?

இதற்கு ஆம், இல்லை என்று ஒரே வார்த்தையில் என்னால் சொல்ல முடியாது. 1984 டிசம்பரில் ஐ.நா. சபையில் ஒரு திட்டத்தை அறிவித்தார். பெயர் ‘ரவுஷன்பர்க் ஓவர்சீஸ் கல்ச்சர் இன்டர்சேஞ்ச்’, சுருக்கமாக ‘ராக்கி’. அவர் வளர்த்த ஆமையின் பெயரும் ராக்கி. மெக்சிகோ, சிலி, வெனிசுவேலா, சீனா, திபெத், ஜப்பான், கியூபா, சோவியத் யூனியன், பெர்லின், மலேசியா என்று போய், அந்தந்த ஊரின் பொருளையும் படங்களையும் வைத்து வேலை செய்து, அங்கேயே காட்சி வைத்து, ஒரு படைப்பை அங்கேயே விட்டுவிட்டு வருவது. 1991இல் வாஷிங்டனில் முடிந்தது. பெரும்பகுதி செலவு அவருடையது. சொந்தச் சேகரிப்பை விற்றார், வீட்டை அடமானம் வைத்தார்.

சிலியில் செப்புத் தகட்டில் வேலை செய்தார், செப்பு அந்த நாட்டின் உயிர் என்பதால். ஆனால் அப்போது சிலியில் பினோசேயின் ராணுவ ஆட்சி. அங்கே போய்க் காட்சி வைப்பது அந்த ஆட்சிக்கு வெள்ளையடிப்பது ஆகாதா என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. மறுபக்கம், 1985இல் பெய்ஜிங்கில் நடந்த காட்சி அங்கிருந்த இளம் கலைஞர்களை உலுக்கிவிட்டது. கிடைத்த பொருளிலெல்லாம் வேலை செய்யலாம் என்று அவர்களுக்கு அது கதவைத் திறந்தது. எனக்கு இந்தத் திட்டத்தின் படைப்புகளைவிட அகமதாபாத் வேலைகள்தான் பிடிக்கும். அங்கே ஒரு பட்டறையில் உட்கார்ந்து, கூழ் காய்கிறவரை காத்திருந்தார். பத்து நாட்டுப் பயணத்தில் அந்த அளவு காத்திருப்பு தெரியவில்லை.

நெட்ல இருந்து போட்டோ எடுத்து பிரிண்ட் போட்டு ஒட்டலாமா மிஸ்?

வீட்டில் பழகுவதற்கு ஒட்டிக்கொள். காட்சிக்கு வைக்கவோ விற்கவோ போனால் யோசி. ரவுஷன்பர்க் பத்திரிகைப் படங்களைத் தாராளமாக எடுத்தவர். 1958 முதல் ஒரு உத்தி வைத்திருந்தார்: பத்திரிகைப் படத்தில் லைட்டர் திரவத்தைத் தடவி, தாளின் மேல் குப்புறப் போட்டு, பின்பக்கம் பேனா முனையால் தேய்ப்பார்; மை இறங்கிப் படம் இடவலம் மாறி விழும். பிறகு 1962இலிருந்து சில்க்ஸ்கிரீன், அதாவது சட்டத்தில் கட்டிய மெல்லிய துணி வழியே மையைத் தள்ளிப் படத்தை அச்சிடுவது. 1964இல் இத்தாலியின் வெனிஸ் பியெனாலே கலைக்காட்சியின் பெரிய பரிசு கிடைத்ததும், அதையே திரும்பச் செய்துவிடுவோமோ என்று பயந்து, நியூயார்க்கில் இருந்த சில்க்ஸ்கிரீன்களை அழிக்கச் சொல்லிவிட்டார்.

1974இல் செய்த ‘புல்’ (Pull) என்ற வேலையில் தண்ணீருக்குள் பாயும் ஒரு ஆளின் படம். எடுத்த புகைப்படக்காரர் அடையாளம் கண்டுகொண்டு வழக்குப் போட்டார், 1980இல் சமரசமானது. அதன் பிறகு பெரும்பாலும் தன் கேமராவில் எடுத்த படங்களையே பயன்படுத்தினார். முந்தைய கேள்வியில் சொன்ன பயணங்களில் அவர் கையில் எப்போதும் கேமரா இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இதுல காசு வருமா?

யாருக்கு என்று பார்க்க வேண்டும். 1958இல் 900 டாலருக்கு ஒரு சேகரிப்பாளர் வாங்கிய இவருடைய கம்பைன் 1973இல் ஏலத்தில் 85,000 டாலருக்குப் போனது. வரைந்தவருக்கு ஒரு பைசா இல்லை. ஏலம் முடிந்து அந்தச் சேகரிப்பாளரை இவர் பிடித்துத் தள்ளியது படச்சுருளில் பதிவாகியிருக்கிறது. மறுவிற்பனையில் கலைஞனுக்கும் பங்கு வேண்டும் என்று அதன் பிறகு பேசிக்கொண்டே இருந்தார். 1976இல் கலிஃபோர்னியா அப்படி ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதற்கும் முன்னால், 1970இலேயே, வாடகை கட்டவும் மருத்துவம் பார்க்கவும் முடியாத கலைஞர்களுக்கு அவசர உதவி தர ஒரு அமைப்பைத் தொடங்கியிருந்தார்.

வயசான காலத்துல கை வராம போச்சாமே?

2002இல் பக்கவாதம், வலப்பக்கம் விழுந்துவிட்டது. இடது கையால் வேலை செய்தார். வெளியே போய்ப் படம் எடுக்க முடியவில்லை என்பதால் நண்பர்களும் உதவியாளர்களும் எடுத்துக் கொடுத்தார்கள். எங்கே எதை வைப்பது என்று இவர் முடிவு செய்தார். இன்னொருவர் கண்ணால் பார்த்ததை வாங்கி வேலை செய்வது இவருக்குப் புதிதில்லை, ரப்பர் கதையை நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, நான் எதுல இருந்து ஆரம்பிக்கணும்?

கடைக்குப் போகாதீர்கள். கிராஃப்ட் கடையில் ஒரே அளவில் வெட்டி, சாயமேற்றி, பாக்கெட்டில் போட்டு வைத்திருக்கும் சருகு வேண்டாம். ஒரு துணிப்பை எடுத்துக்கொண்டு உங்கள் தெருவை ஒரு சுற்று சுற்றுங்கள். யாருடைய வாசலிலாவது இருந்தால் கேட்டு எடுங்கள். பழுதான பேட்டரி, ஊசி, கண்ணாடிச் சில்லு எடுக்காதீர்கள். திரும்பி வந்து எல்லாவற்றையும் தரையில் பரப்பி, ஒட்டுவதற்கு முன் ஒரு நாள் அப்படியே விடுங்கள்.

போன வருஷம் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி இப்படிச் சுற்றி வந்தாள். பையில் சினிமா போஸ்டரின் கிழிசல் ஒன்று, ஐந்தாறு போஸ்டர் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டி அட்டையாகிப்போனது, ஒரு வேப்பங்குச்சி, இட்லி மாவுக் கவர், தறியில் ஊடைநூலை இழுத்துக்கொண்டு ஓடித் தேய்ந்து முனை உடைந்த நாடாக் கட்டை ஒன்று. நாடா கொடுத்தது பக்கத்துச் சந்தின் நெசவாளர் தாத்தா. எதுக்கும்மா இது என்று கேட்டிருக்கிறார், படத்துல ஒட்ட என்று சொல்லியிருக்கிறாள். அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்குச் சைக்கிளை வாசலில் நிறுத்திவிட்டு வந்து நின்றார். படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு அவளைக் கூப்பிட்டு, “நல்லாத்தான் இருக்கு பாப்பா, ஆனா நாடாவைத் தலைகீழா ஒட்டிப்புட்டே” என்றார்.